டைட்டானிக் அட்டவணையில் கை-ஸ்கொயர்: எனக்கு 41 வருகிறது, ஆர் 190 என்கிறது

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணக்கை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஆய்வேட்டுக்காகக் கை-ஸ்கொயர் சோதனை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது (தமிழ்வழிப் புத்தகங்களில் கை-வர்க்கம் என்று வருமே, அதுதான்). என் சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தரவில் பழகிப் பார்க்கலாம் என்று டைட்டானிக் அட்டவணையை எடுத்தேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வருவது.

முதல் வகுப்பு: பிழைத்தவர் 203, இறந்தவர் 122, மொத்தம் 325
இரண்டாம் வகுப்பு: 118, 167, மொத்தம் 285
மூன்றாம் வகுப்பு: 178, 528, மொத்தம் 706
கப்பல் ஊழியர்: 212, 673, மொத்தம் 885
எல்லாம் சேர்த்து: 711, 1490, மொத்தம் 2201

பிழைத்தவர் இறந்தவர் விகிதம் இந்த நான்கு குழுவிலும் ஒன்றுதானா என்பது கேள்வி. குழுக்களின் அளவு வேறுவேறாக இருக்கிறதே என்று முதலில் சதவீதம் ஆக்கினேன். பிழைத்தவர் 62.5, 41.4, 25.2, 24.0. மீதி இறந்தவர். இந்த எட்டு எண்களையும் எக்ஸெல்லில் போட்டுச் சூத்திரப்படி கணக்கிட்டால் 41 சொச்சம் வருகிறது. ஆரில் அட்டவணையை அப்படியே கொடுத்தால் 190.4. இரண்டிலுமே பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வரும் வாய்ப்பு) பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது. முடிவு ஒன்றுதானே, சதவீதத்தில் செய்தால் என்ன கெட்டுவிடும்? அது தப்பு என்றால் ஏன் தப்பு?

தரவுத்தச்சன்:

தப்புதான். இந்தச் சோதனையில் மிக அதிகமாக நடக்கும் தப்பும் இதுவே, அதனால் வருத்தப்பட வேண்டாம்.

சதவீதம் கொடுத்த அந்த நிமிடமே, நான்கு குழுவிலும் தலா 100 பேர், ஆக மொத்தம் 400 பேர் என்று சூத்திரத்திடம் சொல்லிவிட்டீர்கள். கப்பலில் இருந்தது 2201 பேர். பத்துப் பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள் என்பதும் ஆயிரம் பேரில் அறுநூறு பேர் பிழைத்தார்கள் என்பதும் சதவீதத்தில் ஒன்று, சாட்சியாக ஒன்றல்ல. முதலாவது தற்செயலாக நடந்திருக்கலாம். இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியாது. கை-ஸ்கொயர் எடை போடுவது அந்தச் சாட்சியைத்தான். அதற்கு ஆள் எண்ணிக்கை வேண்டும்.

இங்கே வித்தியாசம் மிகப் பெரியது, அதனால் 41 வந்தும் தப்பித்துக்கொண்டீர்கள். ஒரு குழுவில் இருபதே பேர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைச் சதவீதமாக்கினால் இருபது பேரை நூறு பேராக ஊதிவிடுவீர்கள். இல்லாத வித்தியாசம் இருப்பதாக வந்து நிற்கும்.

குழுக்களின் அளவு வேறாக இருப்பதைப் பற்றிய கவலையும் வேண்டாம். எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கணக்கிடும்போதே அதற்கு ஈடு கட்டப்படுகிறது.

பழையவாத்தியார்:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாரம்மா. மென்பொருள் கொடுக்கும் 190.4 வெறும் எண். கையால் போட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

நான்கு குழுவுக்கும் விதி ஒன்றே என்று வைத்துக்கொள். இதுதான் இன்மைக் கருதுகோள். மொத்தத்தில் பிழைத்தவர் 2201 பேரில் 711, அதாவது 32.3 சதவீதம். அப்படியென்றால் முதல் வகுப்பின் 325 பேரில் 325 × 711 ÷ 2201, சுமார் 105 பேர் பிழைத்திருக்க வேண்டும். உண்மையில் பிழைத்தது 203. வித்தியாசம் 98. அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த 105 ஆல் வகுத்தால் 91.5. இந்த ஒரு கட்டத்திலிருந்து மட்டும் 91.5! முதல் வகுப்பில் இறந்தவர் கட்டத்தில் 220 பேரை எதிர்பார்த்தோம், இருந்தது 122. அதிலிருந்து 43.7. ஆக 190.4-இல் 135 இந்த ஒரே வரிசையிலிருந்து வருகிறது. இரண்டாம் வகுப்பு சேர்ப்பது 10.8, மூன்றாம் வகுப்பு 16.2, ஊழியர் 28.2.

இப்போது அந்த எண்ணைப் பார்த்தால் கதை தெரிகிறது அல்லவா?

அடுத்தது, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம். நான்கு வரிசை, இரண்டு நெடுவரிசை என்பதால் (4−1) × (2−1) = 3. மனப்பாடம் செய்யாதே. ஓரத்து மொத்தங்கள் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு, உள்ளே எத்தனை கட்டத்தை உன் இஷ்டத்துக்கு நிரப்பலாம் என்று முயன்று பார். மூன்று கட்டம் நிரப்பியதும் மீதி ஐந்தும் தாமாகவே முடிவாகிவிடும். 3-க்கு 5 சதவீத மட்டத்தில் எல்லை மதிப்பு 7.81. அதைத் தாண்டினால் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் 190-இல் இருக்கிறோம்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. கார்ல் பியர்சன் 1900-இல் இந்தச் சோதனையை வெளியிட்டபோது இந்த இடத்தில்தான் தவறினார். அவர் வழியில் போனால் எட்டுக் கட்டத்துக்கு ஒன்று குறைத்து 7 என்று எடுத்திருக்க வேண்டும். எல்லை மதிப்பு 14.07 ஆகிவிடும், நிஜமான வித்தியாசங்கள் பல கண்ணில் படாமலே போகும். 1915-இல் கிரீன்வுட், யூல் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் தடுப்பூசித் தரவுகளை இரண்டு வழியில் சோதித்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1922-இல் ஃபிஷர்தான் சரியான எண்ணை நிறுவினார். பியர்சன் அதை ஏற்காமல் மறுத்து எழுதினார். மாணவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழும்போது நான் கோபப்பட்டதே இல்லை. சோதனையைக் கண்டுபிடித்தவரே தடுக்கி விழுந்த இடம் இது.

வைகைக்கரை:

சார், கையால் போட்டுப் பார்த்தேன், 190.4 வந்துவிட்டது. ரொம்ப நன்றி. சதவீத விஷயமும் புரிந்தது, நன்றி அண்ணா.

இப்போது முடிவை எழுத வேண்டும். "நான்கு குழுக்களின் பிழைப்பு விகிதமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. வகுப்பு இறங்க இறங்கப் பிழைப்பு குறைகிறது. ஊழியர்களின் நிலைதான் எல்லோரையும் விட மோசம்." இப்படி எழுதலாமா?

தரவுத்தச்சன்:

முதல் வாக்கியமே நிற்காது. சோதனை சொன்னது "நான்கும் ஒன்று என்று கொள்ள முடியாது" என்பது மட்டும். நான்கும் தனித்தனி என்று அது சொல்லவே இல்லை. மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் விலகி நின்றாலும் பெரிய எண் வரும்.

எந்தக் கட்டம் எவ்வளவு விலகுகிறது என்பதை எச்சத்தில் பாருங்கள். கண்டதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, எதிர்பார்த்ததன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பிழைத்தவர் நெடுவரிசையில் முதல் வகுப்புக்கு +9.6, இரண்டாம் வகுப்புக்கு +2.7, மூன்றாம் வகுப்புக்கு −3.3, ஊழியருக்கு −4.4. ஏறத்தாழ 2-ஐத் தாண்டினால் நின்று பார்க்க வேண்டிய கட்டம்.

அப்புறம் மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் மட்டும் எடுத்து ஒரு சோதனை போடுங்கள். 25.2-க்கும் 24.0-க்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நான் போட்டேன்: கை-ஸ்கொயர் 0.34, பி சுமார் 0.56. நான்கு குழுவை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஆறு ஜோடி வரும். ஆறு முறை சோதித்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே சிக்கிவிடலாம். அதனால் பி மதிப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05-ஐ ஆறால் வகுத்து 0.0083-ஐ எல்லையாக வையுங்கள். கடுமையான திருத்தம்தான், ஆனாலும் தொடங்குபவர்களுக்குப் பாதுகாப்பானது.

"எவ்வளவு பெரிய வித்தியாசம்" என்பதற்குக் கை-ஸ்கொயர் எண்ணைக் காட்டாதீர்கள். ஆள் கூடினால் அதுவும் கூடும். கிராமர் வி போடுங்கள். 190.4-ஐ 2201 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.29.

வைகைக்கரை:

அண்ணா, மூன்றாம் வகுப்பு, ஊழியர் இரண்டுக்கும் எனக்கு ஆரில் 0.27 வருகிறது, 0.34 இல்லை. மறுபடியும் ஏதாவது தப்பு செய்கிறேனா?

தரவுத்தச்சன்:

இல்லை, நீங்கள் செய்தது சரி. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடும். 1934-இல் வந்த திருத்தம் அது, மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆயிரத்துக்கு மேல் ஆள் இருக்கும் இடத்தில் தேவையில்லை. அந்தத் தெரிவை அணைத்துவிட்டுப் போடுங்கள், 0.34 வரும். எதைப் போட்டீர்கள் என்பதை மட்டும் ஏட்டில் எழுதிவிடுங்கள்.

அலைகடல்:

நான் புள்ளியியல் படித்தவன் இல்லை. டைட்டானிக் பற்றிப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன், அவ்வளவுதான். "ஊழியருக்கும் மூன்றாம் வகுப்புக்கும் வித்தியாசம் இல்லை" என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஊழியர் 885 பேரில் பெண்கள் வெறும் 23 பேர். மூன்றாம் வகுப்பில் பெண்களும் சிறுமிகளும் சேர்த்து 196 பேர். அன்று இரவு படகில் பெண்களையும் குழந்தைகளையும்தான் முதலில் ஏற்றினார்கள். கப்பலின் இடப்பக்கம் நின்ற அதிகாரி லைட்டோலர் ஆண் பயணிகளை ஏற்றவே மறுத்தார். வலப்பக்கம் நின்ற அதிகாரி மர்டாக், பெண்கள் அருகில் இல்லாவிட்டால் ஆண்களையும் ஏறவிட்டார். அப்படிப்பட்ட இரவில் ஏறத்தாழ ஆண்களே நிரம்பிய ஒரு குழுவை, கால்வாசிக்கு மேல் பெண்கள் இருந்த குழுவோடு அப்படியே ஒப்பிடலாமா?

அதே தரவில் ஆண், பெண் பிரித்துப் பாருங்கள் (சிறுவர் சிறுமியரையும் சேர்த்தே சொல்கிறேன்).

ஆண்கள்: மூன்றாம் வகுப்பில் 510 பேரில் 88 பேர் பிழைத்தார்கள், 17.3 சதவீதம். ஊழியரில் 862 பேரில் 192 பேர், 22.3 சதவீதம்.
பெண்கள்: மூன்றாம் வகுப்பில் 196 பேரில் 90 பேர், 45.9 சதவீதம். ஊழியரில் 23 பேரில் 20 பேர், 87 சதவீதம்.

ஆண்களிலும் ஊழியருக்கே அதிகம், பெண்களிலும் ஊழியருக்கே அதிகம். ஆனால் இரண்டையும் கூட்டினால் மூன்றாம் வகுப்பு ஒரு படி மேலே போய்விடுகிறது! ஊழியருக்கு ஏன் அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. படகைத் துடுப்புப் போட்டு ஓட்டவும் திசை பிடிக்கவும் ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு படகிலும் ஊழியர் சிலரை அனுப்பினார்கள்.

பழையவாத்தியார்:

நாற்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இந்த அட்டவணையைப் பலமுறை கரும்பலகையில் எழுதியும் இருக்கிறேன். இந்த ஜோடியை மட்டும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சரியான சிம்ப்சன் முரண்: பிரித்தால் ஒரு திசை, சேர்த்தால் எதிர்த் திசை. அலைகடல் ஐயாவுக்கு நன்றி.

கணக்கையும் போட்டுவிடுகிறேன், எல்லாம் திருத்தம் இல்லாமல். ஆண்களில் மட்டும் கை-ஸ்கொயர் 4.97, பி சுமார் 0.026. பெண்களில் மட்டும் 13.87, பி சுமார் 0.0002. சேர்த்து வைத்தபோது வந்தது 0.34. ஆண், பெண் என்று தனித்தனி அடுக்காக வைத்துக்கொண்டே இரண்டையும் ஒரே சோதனையில் இணைக்க மான்டல்–ஹென்செல் முறை இருக்கிறது. அதில் 10.5 வருகிறது. ஒன்றுமே இல்லை என்று சொன்ன இடத்தில் இவ்வளவு இருந்திருக்கிறது.

வைகைக்கரை:

இதைப் படித்துவிட்டு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து எல்லா வகுப்பையும் பிரித்துப் போட்டேன். வயது வந்த ஆண்களில் மிகக் குறைவாகப் பிழைத்தது மூன்றாம் வகுப்பு இல்லை, இரண்டாம் வகுப்பு! 168 பேரில் 14 பேர்தான், 8.3 சதவீதம். மூன்றாம் வகுப்பு ஆண்கள் 462 பேரில் 75 பேர், 16.2. "வகுப்பு இறங்க இறங்கப் பிழைப்பு குறைகிறது" என்று நான் எழுத நினைத்த வாக்கியம் ஆண்களுக்குப் பொருந்தவே இல்லை. அதை அப்படியே ஏட்டில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். பெண் ஊழியரில் இறந்தவர் 3 பேர்தான். எந்தக் கட்டமும் 5-க்குக் குறையக் கூடாது என்கிறார்களே, அப்படியானால் சாரின் 13.87 செல்லுமா? அடுத்தது, குழந்தைகளை மட்டும் எடுத்தால் முதல் வகுப்பில் 6 பேர், எல்லோரும் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 24 பேர், எல்லோரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 79 பேரில் 27 பேர்தான். இங்கே பூஜ்யம் இருக்கும் கட்டங்கள் வருகின்றன. சோதனை போடலாமா?

பழையவாத்தியார்:

5 என்ற விதி எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு உரியது, கண்ட எண்ணிக்கைக்கு அல்ல. பெண் ஊழியரில் இறப்பு கண்டது 3, எதிர்பார்த்தது 23 × 109 ÷ 219, அதாவது 11.4. தாராளமாகச் செல்லும். 11 பேரை எதிர்பார்த்த இடத்தில் 3 பேர்தான் இருந்தார்கள் என்பதே நமக்குக் கிடைத்த செய்தி.

குழந்தைகள் அட்டவணையில் மொத்தம் 109 பேர், பிழைத்தவர் 57. முதல் வகுப்பின் 6 பேருக்கு எதிர்பார்ப்பு 3.1, 2.9 என்று வருகிறது. ஆறு கட்டத்தில் இரண்டு 5-க்குக் கீழே. காக்ரன் 1954-இல் சொன்ன தளர்வான விதி, கட்டங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் 5-க்குக் குறையக் கூடாது, எதுவும் 1-க்குக் குறையக் கூடாது என்பது. அதையும் இது மீறுகிறது. இரண்டு வழி உண்டு. சிறிய எண்ணிக்கைகளுக்கும் செல்லுபடியாகும் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போடலாம். இல்லை, முதல் இரண்டு வகுப்பையும் சேர்த்து 30 பேர் ஆக்கிக்கொள்ளலாம். சேர்த்தால் 37.8 வருகிறது. ஆனால் சேர்ப்பதற்கு ஒரு நியாயம் வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு, வேண்டிய முடிவு வரும்படி சேர்க்கக் கூடாது.

52 குழந்தைகள் இறந்தார்கள், 52 பேரும் மூன்றாம் வகுப்பு. இந்த வரிக்குச் சோதனையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அலைகடல்:

அந்த 52 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 1912-இல் நடந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் எண்ணிக்கை. முதல் வகுப்பில் பயணம் செய்த லொரெய்ன் அலிசன் என்ற இரண்டு வயதுக் குழந்தை அன்று இறந்துபோனாள். அது நன்றாகப் பதிவான செய்தி. இந்த அட்டவணையில் அவள் இல்லை, முதல் வகுப்புக் குழந்தைகள் ஆறு பேரும் பிழைத்ததாகவே இருக்கிறது. சோதனை முடிவு இதனால் மாறாது. இருந்தாலும் "எல்லோரும்" என்று எழுதும்போது "விசாரணை அறிக்கையின்படி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அடிப்படையிலேயே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். இது மாதிரி எடுத்த தரவு அல்ல, கப்பலில் இருந்த அத்தனை பேரும் இதில் இருக்கிறார்கள். 62.5-உம் 24.0-உம் வேறு என்பதற்குச் சோதனை எதற்கு? வேறுதான், கண்ணெதிரே தெரிகிறது. பி மதிப்பு எதைப் பற்றிப் பேசுகிறது? இன்னொன்று, இந்தச் சோதனைக்கு ஒருவருக்கு நேர்வது இன்னொருவரைச் சாராமல் இருக்க வேண்டும். தாயும் பிள்ளைகளும் ஒரே படகில் ஏறினார்கள். அது எப்படிச் சார்பில்லாததாகும்?

தரவுத்தச்சன்:

இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 711 உயிர்ச்சீட்டுகளை 2201 பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிக் கொடுத்திருந்தால், இவ்வளவு கோணலான பங்கீடு தற்செயலாக வந்திருக்குமா? பி மதிப்பு பதில் சொல்வது இந்தக் கேள்விக்கு. "உலகத்தின் எல்லாக் கப்பல்களுக்கும் இது பொருந்தும்" என்று எழுதினால் அது பிழை. இந்தப் பங்கீடு வகுப்பைப் பார்க்காமல் நடந்ததா என்று கேட்டால் சோதனை நியாயமானதே.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதே சரி. குடும்பமாக ஏறியவர்களைத் தனித்தனி ஆளாக எண்ணும்போது, நம்மிடம் இருப்பதை விட அதிகச் சாட்சி இருப்பதாகக் காட்டிக்கொள்கிறோம். 190-ஐப் பாதியாக்கினாலும் முடிவு மாறாது. ஆண்களின் 4.97 அப்படியல்ல, கொஞ்சம் குறைத்தாலே எல்லைக்கு வெளியே போய்விடும். அந்த வித்தியாசத்தை வைகைக்கரை "இருக்கலாம்" என்ற அளவில் எழுதினால் போதும். பெண்களில் வந்த வித்தியாசத்தைத் தைரியமாக எழுதலாம்.

நேர்கோடு:

சீட்டுக் குலுக்கும் விளக்கத்தை ஏற்கிறேன். அதையும் ஒரு வரியாக ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். படிப்பவர்களுக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

வைகைக்கரை:

எழுதுகிறேன். இப்போது என் சொந்தத் தரவு. பஞ்சாயத்துச் செய்திகள் மக்களுக்கு எப்படித் தெரிய வருகின்றன என்பது ஆய்வு. மூன்று வயதுக் குழுக்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி, வாட்ஸ்அப், டீக்கடை, கிராமசபை என்று ஐந்து தெரிவு கொடுத்து, பொருந்துவதை எல்லாம் டிக் செய்யச் சொன்னேன். பலர் இரண்டு மூன்று டிக் போட்டிருக்கிறார்கள். மூன்று வரிசை, ஐந்து நெடுவரிசை, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 8 என்று போடலாம்தானே?

தரவுத்தச்சன்:

போடக் கூடாது. டைட்டானிக்கில் ஒருவர் ஒரு கட்டத்தில்தான் இருப்பார், பிழைத்தவர் அல்லது இறந்தவர். உங்கள் அட்டவணையில் ஒரே ஆள் மூன்று கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டினால் ஆள் எண்ணிக்கைக்குப் பதிலாக டிக் எண்ணிக்கை வரும். நேர்கோடு சொன்ன சார்பின்மை அங்கேயே உடைந்துவிடுகிறது.

ஒவ்வொரு தெரிவையும் தனி அட்டவணை ஆக்குங்கள். வாட்ஸ்அப்: மூன்று வயதுக் குழு, டிக் செய்தவர், செய்யாதவர். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2. இப்படி ஐந்து சோதனை வரும், எல்லையை 0.05 ÷ 5 = 0.01 என்று வையுங்கள். ஆண், பெண் பிரித்தும் ஒருமுறை பாருங்கள். டீக்கடையில் என்ன வரும் என்று இப்போதே ஊகிக்க முடிகிறது. வயதானவர்களில் ஆண்களிடம் அதிகம் பேசியிருந்தீர்கள் என்றால், அது வயதின் வேலையா ஆண் பெண் வேலையா என்று தெரியாமல் போய்விடும்.

வைகைக்கரை:

வயதானவர்களில் பெரும்பாலும் ஆண்களிடம்தான் பேசியிருக்கிறேன். பெண்கள் பகலில் வேலைக்குப் போயிருந்தார்கள். இந்த வாரக் கடைசியில் மறுபடி ஊருக்குப் போய்ச் சாயங்காலமாகச் சந்திக்கப் பார்க்கிறேன்.

பழையவாத்தியார்:

போய் வா அம்மா. வந்ததும் அட்டவணையை இங்கேயே போடு, எண்ணிக்கையாக.